"நடிக்கல, வாழ்ந்துட்டாங்க"னு அன்னா மக்னானிய சொல்றது சரியா? கொஞ்சம் பேசலாம் வாங்க

படச்சுருள்

ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டே இருந்த விஷயம், இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நமக்கு ஒருத்தரோட நடிப்பு ரொம்பப் புடிச்சுப் போச்சுன்னா உடனே வாயில வர்றது "அவங்க நடிக்கல, வாழ்ந்திருக்காங்க". நானும் சொல்லியிருக்கேன், சொல்லாதவங்க யாரு. ஆனா இத்தாலி நடிகை அன்னா மக்னானிய பத்தி எங்க பேச்சு வந்தாலும் இதே வார்த்தைதான் வருது, கூடவே "தெருவுல இருந்து வந்தவங்க, பயிற்சி ஒன்னும் கிடையாது, கேமரா முன்னாடி அப்படியே நின்னாங்க, உள்ள இருந்தது வெளிய கொட்டுச்சு"னு ஒரு கதையும் ஒட்டிக்கிட்டு வருது. இது அவங்கள தூக்கி வெக்கிற மாதிரி தெரிஞ்சாலும் அவங்க பட்ட பாட்டையும் கத்துக்கிட்ட தொழிலையும் அவங்க கையில இருந்து புடுங்குற பேச்சுன்னு எனக்குப் படுது.

1908 மார்ச் 7-ல பொறந்தவங்க. அப்பா கூட இல்ல, அம்மாவும் சின்ன வயசுலயே விட்டுட்டு வெளிநாடு போயிட்டாங்க, ரோம்ல பாட்டி வீட்டுலதான் வளந்தாங்க. இருவது வயசு வாக்குல ரோம்ல எலியோனோரா தூஸே பேர்ல நடந்த நடிப்புப் பள்ளில சேந்து முறையா படிச்சிருக்காங்க. அப்புறம் நாடகக் கம்பெனில வேலைக்காரி மாதிரி சின்னச் சின்ன வேஷம், டூர், ராத்திரி கிளப்புல பாட்டு, அதுக்கப்புறம் பாட்டு டான்ஸ் நக்கல் எல்லாம் கலந்த ரெவ்யூ மேடை. யுத்தம் நடந்துக்கிட்டு இருந்த வருஷங்கள்ல டோட்டோ கூட ஜோடியா மேடை ஏறுனவங்க, டோட்டோன்னா இத்தாலி காமெடில அவருக்கு மேல ஆள் கிடையாது, அந்தாளு எந்த நிமிஷம் எங்க தாவுவாருன்னு யாருக்கும் தெரியாது, அவருக்கு ஈடு குடுத்து டைமிங் விடாம நிக்கிறது சும்மா கிடையாது. சினிமால 1934-ல இருந்தே இருக்காங்க. ஆக 1945-ல 'ரோம் ஓப்பன் சிட்டி' வந்து உலகமே யாருப்பா இந்தம்மான்னு கேட்டப்போ அவங்களுக்கு வயசு 37, தொழில்ல பதினஞ்சு வருஷத்துக்கும் மேல.

இப்ப அந்தப் படத்துல எல்லாரும் பேசுற அந்தக் காட்சிக்கு வர்றேன். இவங்க போட்ட வேஷம் பேரு பினா. கல்யாணத்தன்னிக்குக் காலைல ஜெர்மன்காரன் குடியிருப்ப சுத்தி வளைச்சு ஆம்பளைங்கள லாரில ஏத்துறான், பொம்பளைங்கள ஒரு ஓரமா நிப்பாட்டி வெச்சிருக்கான். ஒரு சிப்பாய் இவங்க மேல கை வெக்கிறான், பட்டுனு அந்தக் கைய தட்டி விடுறாங்க. அடுத்து கட்டிக்கப் போறவன இழுத்துட்டுப் போறத பாக்குறாங்க. "ஃப்ரான்செஸ்கோ!" அவ்வளவுதான், தடுக்குற கைங்கள எல்லாம் பிச்சுக்கிட்டு வெளிய ஓடுறாங்க. லாரி நகந்துருச்சு. கேமரா இப்ப லாரிக்கு உள்ள இருந்து பாக்குது, கைய நீட்டிக்கிட்டே ஓடி வர்றாங்க, துப்பாக்கி சத்தம், ரோட்டுல குப்புற விழறாங்க. பையன் மார்ச்செல்லோ "மம்மா"னு கத்திக்கிட்டு வந்து மேல விழறான். படம் பாதில இருக்கு. கதையோட உயிரே பாதில போயிடுது.

இதுல பலருக்குத் தெரியாத ஒன்னு: அந்தப் படத்துல ஷூட்டிங்கப்போ சத்தம் பதிவு பண்ணல, அதுக்குக் காசு இல்ல. வசனம் எல்லாம் அப்புறமா டப்பிங். அப்படின்னா அந்த "ஃப்ரான்செஸ்கோ" அலறல் ரோட்டுல ஓடுனப்போ வந்தது இல்ல. மைக் முன்னாடி நின்னு, திரைல தன் வாய் அசையறத பாத்து, அதே உயிரோட திரும்பக் கத்தியிருக்காங்க. அத எப்படிங்க "தானா வந்துச்சு"ன்னு சொல்றது?

ஒரு வேண்டுகோள். ஒரு தடவ அந்தக் காட்சிய சத்தம் இல்லாம பாருங்க.

கரிகாலன்77

நல்ல பதிவு ஆனா எனக்கு உடன்பாடு இல்ல ப்ரோ. அந்தப் படம் எடுத்தது எப்பன்னு யோசிங்க. ரோம் விடுதலை ஆனது 1944 ஜூன் 4, ஷூட்டிங் ஆரம்பிச்சது 1945 ஜனவரி, முழுசா எட்டு மாசம் கூட ஆகல. சினெச்சித்தா ஸ்டூடியோவே அகதி முகாமா கெடந்துச்சு, ஃபிலிம் ரோல் கிடைக்காம கிடைச்ச துண்ட எல்லாம் சேத்து எடுத்தாங்க. பினா பாத்திரமே நெஜமா நடந்ததுதான், தெரேசா குல்லாச்சேன்னு ஒரு அம்மா, அஞ்சு பிள்ளைங்களோட தாய், வயித்துல இன்னொன்னு, 1944 மார்ச் 3-ம் தேதி ஜூலியோ செசாரே சாலைல பாரக்ஸ் முன்னாடி, புடிச்சு வெச்சிருந்த புருஷன்கிட்ட போகப் பாத்தப்போ சுட்டுட்டாங்க. மக்னானியே அந்த ஊர்ல அந்த வருஷம் பூரா இருந்தவங்க. ரிகர்சல் இல்லாம எடுத்த ஷாட்டுன்னும், கதவத் தாண்டி வெளிய வந்ததும் அந்தச் சிப்பாய் உடுப்பையும் சுவத்தோரம் நின்ன பொம்பளைங்க முகத்தையும் பாத்து பழைய நாளுக்கே போயிட்டேன்னும் அவங்களே சொல்லியிருக்காங்க. அவங்களே சொன்னதுக்கு அப்புறம் நாம என்ன மறுக்குறது?

இன்னொரு கதையும் உண்டு. செட்டுல ஒரு நாள் காதலன் மாஸ்ஸிமோ செராத்தோ கூட சண்டை வந்து, அவரு வண்டில ஏறிக் கிளம்ப, இவங்க திட்டிக்கிட்டே பின்னாடி ஓடுனாங்களாம். அத கதை எழுதுன செர்ஜியோ அமிதேய் பாத்து அதுல இருந்துதான் லாரி பின்னாடி ஓடுற யோசனை வந்துச்சும்பாங்க. அப்ப அது வாழ்க்கையா நடிப்பா நீங்களே சொல்லுங்க.

பலெர்மோ_வாசி

வணக்கம். நான் இருக்கிறது சிசிலியில பலெர்மோ, வந்து இருவது வருசத்துக்கு மேல. முதல்ல ஒரு சின்னத் திருத்தம், கோவிக்காதேங்கோ. அவவின்ர பேர் மக்னானி இல்லை. இத்தாலியன் எழுத்தில அந்த இடத்தில வாறது எங்கட ஞ தான், ஞானம் எண்டு சொல்லேக்க வாற அதே ஞ. மஞ்ஞானி எண்டு சொல்லுவினம். வேற எத்தினையோ பாசையில அதுக்கு எழுத்தே இல்லை, எங்களிட்ட இருக்கு, அதால சரியா எழுதுவம்.

ரோமில ஆக்கள் செல்லமாக் கூப்பிடுறது நன்னரெல்லா எண்டு. அவ கதைக்கிறது புத்தக இத்தாலியன் இல்லை, ரோம் சனத்தின்ர பேச்சு, சொல்லின்ர வாலை விழுங்கிப்போட்டுக் கதைப்பினம். ஸ்தொர்னெல்லி எண்டு ஒரு பாட்டு வகை இருக்கு, ஒராள் ஒரு வரி போட மற்றாள் குத்தலாப் பதில் வரி போடுறது. மஞ்ஞானி அதில கெட்டிக்காரி. மம்மா ரோமா படம் தொடங்கேக்க கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில அவவும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மாறி மாறிப் பாடிக் குத்துப்படுவினம், அதைப் பாருங்கோ, அங்க மேடைப் பழக்கம் அப்பிடியே தெரியும்.

நான் முதல் வேலை செய்த வீட்டில ஒரு வயசுபோன அம்மாவைப் பாத்துக்கொண்டு இருந்தனான். சொந்த இடம் ரோம், கலியாணம் முடிச்சு இஞ்சால வந்தவ. டிவியில மஞ்ஞானி வந்தா அவ வாய்க்குள்ள வசனத்தைச் சொல்லிக்கொண்டு இருப்பா. பினா ஓடுற இடம் வரப்போகுது எண்டா மட்டும் ரிமோட்டை என்ர கையில தந்து நிப்பாட்டு எண்டுவா. ஒருநாளும் அதைப் பாக்கவிடேல்லை. நான் அந்தக் காட்சியைப் பாத்தது அவ போய்ச் சேந்தாப் பிறகுதான்.

மாலைமல்லி

பலெர்மோ அண்ணா, உங்க பதிவு படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

நான் இவங்க படம் ஒன்னுகூட பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது எல்லாம் 'ரோம் ஓப்பன் சிட்டி' எடுத்த டைரக்டர் ரோஸெல்லினி, இவங்க காதலரா இருந்தவர், இவங்கள விட்டுட்டு நடிகை இங்க்ரிட் பெர்க்மன் கூட போனதும் இவங்க ஸ்பகெட்டித் தட்டத் தூக்கி அவர் தலைல கொட்டுனதும்தான். எங்க போனாலும் அதத்தான் முதல்ல சொல்றாங்க. எதுல ஆரம்பிக்கட்டும்?

படச்சுருள்

பலெர்மோ சார், திருத்தினதுக்கு நன்றி, இனிமே மஞ்ஞானிதான்.

மல்லி, என்னைக் கேட்டா 'பெல்லிஸ்ஸிமா', 1951, விஸ்கோந்தி எடுத்தது. ரோம்ல ஒரு ஏழைக் குடியிருப்பு, மத்தலேனான்னு ஒரு அம்மா, வீடு வீடா போய் ஊசி போட்டு நாலு காசு பாக்குறவங்க. சினெச்சித்தாவுல ஒரு படத்துக்குச் சின்னப் பொண்ணு வேணும்னு ரேடியோல விளம்பரம் வருது, தன் பொண்ணு மரியாவ எப்படியாவது சேத்துடணும்னு வெறி. ஃபோட்டோ, டான்ஸ் கிளாஸ், நடிப்பு டீச்சர், கவுன்னு சேமிப்பெல்லாம் கரையுது. உள்ள ஆளு இருக்குன்னு ஒருத்தன் அம்பதாயிரம் லிரா வாங்கி, அதுல தனக்கு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வாங்கிக்கிறான்.

கரிகாலன் நீங்களும் இதக் கேளுங்க. அந்தப் படத்துல கண்ணாடி முன்னாடி தலை வாரிக்கிட்டே மத்தலேனா தனக்குத் தானே ஒன்னு சொல்லிக்கும். நடிப்புன்னா என்ன பெருசா, நான் வேற ஒருத்தின்னு நெனச்சுக்கிட்டா, வேற ஒருத்தி மாதிரி காட்டிக்கிட்டா, அப்ப நான் நடிக்கிறேன்னுதானே அர்த்தம், அப்படின்னு. நடிக்கத் தெரியாத ஒரு அம்மா நடிப்ப பத்தி யோசிக்கிறத, இத்தாலிலயே பெரிய நடிகை, தனக்கு நடிப்பே தெரியாத மாதிரி நடிச்சுக் காட்டுறாங்க. சீப்பு நிக்காம போய்க்கிட்டே இருக்கும், முகத்துல ஒரு விளையாட்டு, அதுக்குள்ள ஒரு சோர்வு. நான் அத எத்தன தடவ ஓட்டிப் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது.

கடைசில மரியாவோட டெஸ்ட் ஷாட்ட உள்ள போட்டுப் பாக்குறாங்க, இவங்க திருட்டுத்தனமா ப்ரொஜக்டர் ரூம்ல இருந்து பாக்குறாங்க. குழந்தைக்கு கேக் மேல மெழுகுவத்திய ஊதி அணைக்க வரல, அழுவுது. கீழ உக்காந்திருக்கிற சினிமாக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பு ஒவ்வொன்னா வந்து விழுறப்ப மத்தலேனா முகம் மாறுறத பாருங்க, முதல்ல புரியல, அப்புறம் தானும் சிரிக்கலாமான்னு ஒரு தயக்கம் மாதிரி, அப்புறம் புரிஞ்சுடுது. வசனமே இல்ல. அதுக்கப்புறம் ராத்திரி ரோட்டோரமா ஒரு பெஞ்சுல மடியில பொண்ணப் போட்டுக்கிட்டு, பக்கத்துல சர்க்கஸ் பாட்டு கேக்குது, "யாராவது உதவி பண்ணுங்களேன்"னு அழுவாங்க. பொண்ணு செலக்ட் ஆயிடுவா, ஒப்பந்தம் வீடு தேடி வரும், இவங்க வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாங்க.

இன்னொன்னு, சொல்லாம இருக்க முடியல. படம் முடியறப்ப பக்கத்துல திறந்தவெளி தியேட்டர்ல இருந்து பர்ட் லங்காஸ்டர் குரல் கேக்கும், மத்தலேனா படுக்கைல இருந்தே அந்தாளு நல்ல ஆளும்பாங்க. நாலு வருஷம் கழிச்சு அதே லங்காஸ்டர் கூட ஜோடியா நடிச்சுத்தான் ஆஸ்கர் வாங்குனாங்க.

கரிகாலன்77

அந்த ஸ்பகெட்டி விஷயத்துல மல்லி சொல்றது எனக்கும் வருத்தம்தான். ஒரு மனுஷி இத்தன வருஷம் உழைச்சதுக்கு ஒரு தட்டு நூடுல்ஸ்தான் மிச்சமா? ஆனா அந்த சமயத்துல அவங்களுக்கு நடந்தது லேசுப்பட்டது இல்ல. 1949-ல ரோஸெல்லினி பெர்க்மன வெச்சு ஸ்ட்ரோம்போலி தீவுல படம் எடுக்குறார், அதே சமயம் பக்கத்துத் தீவு வுல்கானோல மஞ்ஞானிய வெச்சு வில்லியம் டீட்டர்லே இன்னொரு படம் எடுக்குறார், ரெண்டுமே எரிமலைத் தீவுக் கதை. பத்திரிகைக்காரங்க எரிமலைச் சண்டைன்னு பேர் வெச்சு கூத்தாடுனாங்க. 1950 பிப்ரவரி 2, ரோம்ல வுல்கானோ படம் முதல் காட்சி. அன்னிக்குன்னு பாத்து ப்ரொஜக்டர் மக்கர் பண்ணுது, அன்னிக்கே பெர்க்மனுக்கு ஆம்பளப் புள்ள பொறந்த செய்தியும் வருது, நிருபர்ங்க எல்லாம் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாங்க. தன் படம் ஓடுற தியேட்டர்ல அப்படி ஒரு ராத்திரி. நெனச்சாலே வயித்த பெசையுது.

பலெர்மோ_வாசி

வுல்கானோவுக்கு நான் போனனான். மிலாத்சோவில இருந்து கப்பல். இறங்கின உடன கந்தக மணம் மூக்கில அடிக்கும், அழுகின முட்டை மாதிரி, உடுப்பில ரெண்டு மூண்டு நாளைக்குப் போகாது. அவ அங்க மாசக்கணக்கா நிண்டு தூசிக்குள்ள கல்லுச் சுமக்கிற பொம்பிளையளோட நிண்டு நடிச்சவ. ரோஸெல்லினியின்ர கதையைக் கதைக்கிற சனம் அதைக் கதைக்கிறேல்லை.

சட்டப்புத்தகம்

இந்தப் பக்கம் எப்பவாவதுதான் வருவேன், மஞ்ஞானி பேரப் பாத்ததும் எழுதாம போக மனசு வரல. சட்டம் படிக்கிறப்ப ஒரு அமெரிக்க வழக்கு வழியாத்தான் இவங்க எனக்கு அறிமுகம்.

1948-ல ரோஸெல்லினி இவங்கள வெச்சு எடுத்த படம், ரெண்டு பாகம். ரெண்டாவது பாகம் தி மிராக்கிள். மலைல ஆடு மேய்க்கிற புத்தி பிசகுன ஒரு ஏழைப் பொண்ணு, வழில வந்த எவனோ ஒருத்தன, இயேசுவோட வளர்ப்பு அப்பா புனித சூசையப்பர்னு நம்புறா. கர்ப்பம் ஆகுது, தெய்வக் குழந்தைன்னு சந்தோஷப்படுறா. ஊரே கூடி தலைல பாத்திரத்தக் கவுத்து ஊர்வலம் விட்டு அடிச்சு விரட்டுது, தனியா மலை ஏறி கோயில்ல போய்ப் பெத்துக்கிறா. நியூயார்க்ல இத கத்தோலிக்கத் தலைமை கடுமையா எதிர்க்க, தெய்வ நிந்தனைன்னு சொல்லி 1951-ல லைசென்ஸ ரத்து பண்ணாங்க. விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் விடல, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1952 மே மாசம் தீர்ப்பு. 1915-ல இதே கோர்ட் சினிமா வெறும் வியாபாரம், பேச்சுரிமை அதுக்குக் கிடையாதுன்னு சொல்லியிருந்துச்சு. அத ஒதுக்கி வெச்சுட்டு, சினிமாவும் கருத்து சொல்ற ஊடகம்தான், அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டுன்னு ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க. தணிக்கை வழக்குகள்ல இன்னைக்கும் படிக்கிற தீர்ப்பு.

தீர்ப்பப் படிச்ச சூட்டோட படத்தத் தேடிப் பாத்தேன். அந்தப் பொண்ணு மலை ஏறுறப்ப மூச்சு வாங்கிக்கிட்டே சிரிக்கும், அழும், ஏதோ முணுமுணுக்கும். நிந்தனையாமே. அவ்வளவு பக்திய நான் எந்த சாமி படத்துலயும் பாக்கல.

படச்சுருள்

சட்டப்புத்தகம் சார், சரியான நேரத்துல வந்தீங்க. அதே படத்தோட முதல் பாகத்த சொல்றேன். ஜான் கோக்தோ எழுதுன நாடகம், ஒரே ரூம், ஒரே பொம்பள, ஒரு டெலிஃபோன். விட்டுட்டுப் போற காதலன்கிட்ட கடைசியா பேசுறா. அரை மணி நேரத்துக்கு மேல கேமரா இவங்க முகத்த விட்டு நகராது, எதிர்ப்பக்கம் பேசுறவன் குரல் நமக்குக் கேக்கவே கேக்காது. அங்க அவன் என்ன சொன்னான், எப்ப பொய் சொன்னான், எப்ப லைன் கட் ஆச்சுன்னு எல்லாமே இவங்க கண்ணுலதான் நாம படிக்கணும். எதிர்ல ஆளே இல்லாம அத பண்றதுக்கு மேடைல தேஞ்ச ஆளா இருந்தாத்தான் முடியும்.

கரிகாலன், ரோஸெல்லினி அந்தப் படத்த யாருக்கு சமர்ப்பணம் பண்ணார்னு பாருங்க. அன்னா மஞ்ஞானியோட கலைக்கு. கலைங்கிற வார்த்தைதான் போட்டிருக்கார். கூடவே இருந்து பாத்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க சொன்ன அந்த வண்டி பின்னாடி ஓடுன சண்டை, அது நெஜமாவே இருக்கட்டும். கோவத்துல ஓடுறது எல்லாரும் ஓடுவோம். ஆனா அந்தக் கோவம் உடம்புல எங்க இருந்துச்சு, கை எப்படிப் போச்சுன்னு ஞாபகம் வெச்சு இன்னொருத்திக்கு, அதுவும் சாகப் போறவளுக்கு, அத எடுத்துக் குடுக்கிறது நடிகை மட்டும்தான் பண்ணுவா.

தேன்மொழி

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். யாரும் அவங்க பையன பத்தி சொல்லல.

லூக்கா 1942-ல பொறந்தான். இவங்க வயித்துல அவன் இருந்ததாலதான் விஸ்கோந்தியோட முதல் படத்துல கதாநாயகியா நடிக்க வேண்டியது கைவிட்டுப் போச்சு. அவனோட அப்பா செராத்தோ பிரிஞ்சு போயிட்டார், பையனுக்கு தன்னோட பேரத்தான் குடுத்தாங்க, அம்மா பேரு. ஒன்னரை வயசுல போலியோ வந்து கால் ரெண்டும் போச்சு. அது 1944. அடுத்த வருஷ ஆரம்பத்துல பினா. அப்புறம் காலமெல்லாம் சுவிட்சர்லாந்துல வைத்தியம், பள்ளிக்கூடம்னு அவனுக்காகவே சம்பாதிச்சாங்க.

எங்க அண்ணனுக்கும் போலியோதான், ரெண்டு வயசுல. இரும்புப் பட்டை வெச்ச காலிப்பர் ஷூ, ரெண்டு பக்கம் கட்டை. அம்மாதான் மாசாமாசம் பெரியாஸ்பத்திரிக்கு இடுப்புல தூக்கிட்டுப் போவாங்க, பஸ்ஸு மாறி மாறி. ஒரு தடவ ஒரு டாக்டர் எங்க முன்னாடியே "இது இனி நடக்காதும்மா, ஏன் சும்மா அலையறீங்க"ன்னுட்டார், அண்ணனுக்கு அப்ப ஏழு வயசு, எல்லாம் புரியும். அம்மா சிரிச்சுக்கிட்டே "பரவால்ல சார், பட்டையாச்சும் மாத்திக் குடுங்க, வளந்துட்டான்ல"ன்னு கேட்டாங்க. வெளிய வந்து அண்ணனுக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாங்க. அழவே இல்ல. பஸ்ல அண்ணன் அம்மா தோள்ல சாஞ்சு தூங்கிட்டான், நான் ஜன்னல் பக்கம் இருந்தேன், திரும்பிப் பாத்தா அம்மா முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுவுறாங்க.

அதனால எனக்கு "வாழ்ந்தாங்க", "நடிச்சாங்க"ன்னு ரெண்டா பிரிச்சுப் பேசத் தெரியல. மன்னிச்சுக்கோங்க, இழைக்கு சம்பந்தம் இல்லாம போயிட்டேன்.

படச்சுருள்

தேன்மொழி, இழையிலயே முக்கியமான பதிவு உங்களோடதுதான். எனக்கு பதில் சொல்லத் தெரியல.

மாலைமல்லி

தேன்மொழி அக்கா, அம்மாவையும் அண்ணனையும் கேட்டதா சொல்லுங்க.

ஆஸ்கர் பத்தி யாராச்சும் விவரமா சொல்றீங்களா? சோஃபியா லாரன்தான் முதல்ல வாங்குனாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

கரிகாலன்77

இல்ல மல்லி, சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்குன முதல் இத்தாலிக்காரி மஞ்ஞானிதான். படம் 'த ரோஸ் டாட்டூ', 1955. டென்னஸி வில்லியம்ஸ் இவங்கள மனசுல வெச்சே அந்த நாடகத்த எழுதுனார், 1951-ல ப்ராட்வே மேடைக்குக் கூப்பிட்டார், தன் இங்கிலீஷ் அதுக்குப் பத்தாதுன்னு இவங்க போகல. அப்புறம் சினிமாவா வந்தப்பதான் ஒத்துக்கிட்டாங்க. புருஷன் செத்த துக்கத்துல வீட்டுக்குள்ளயே கெடக்குற சிசிலித் தையல்காரி செராஃபினா. உள்பாவாடையோட, தலை கலைஞ்சு, சாம்பல் சட்டிய கட்டிப்புடிச்சுக்கிட்டுத் திரிவாங்க. அந்தக் கால ஹாலிவுட்ல கதாநாயகிய அப்படிக் காட்டவே மாட்டாங்க. 1956 மார்ச்ல விருது குடுக்கிறப்ப இவங்க ரோம்ல இருந்தாங்க, அதே படத்துல மகளா நடிச்ச மரீசா பவான்தான் மேடை ஏறி வாங்குனாங்க.

1957-ல 'வைல்ட் இஸ் த விண்ட்'டுக்கு மறுபடியும் ஆஸ்கர் பரிந்துரை, அதுக்கு பெர்லின்ல விருதும் வந்துச்சு. 1960-ல மார்லன் பிராண்டோ கூட ஒரு படம், அது ஓடல.

லாரன் விஷயம் என்னன்னா, டி சிக்காவோட 'டூ விமன்'ல அம்மா வேஷம் முதல்ல மஞ்ஞானிக்கு, மக வேஷம் லாரனுக்கு. லாரனுக்கு அம்மாவா நடிக்க மாட்டேன்னுட்டாங்க, வேணும்னா அவளையே அம்மா வேஷம் போடச் சொல்லுங்கன்னாங்க. டி சிக்கா அப்படியே பண்ணார், லாரன் ஆஸ்கர் வாங்கிட்டாங்க. இதுல மஞ்ஞானி மேல எனக்கு வருத்தம் உண்டு. அந்த வேஷம் இவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

படச்சுருள்

எனக்கு வருத்தம் இல்ல. அதுக்கு பதிலா 1962-ல 'மம்மா ரோமா' கிடைச்சுதே. பஸோலினியோட ரெண்டாவது படம். உடம்ப விக்கிற தொழில விட்டுட்டு காய்கறிக் கடை போட்டு பையன கௌரவமா வளக்கணும்னு பாடுபடுற ஒருத்தி. அதுல ராத்திரி நடை ரெண்டு இருக்கு. இருட்டு ரோடு, பின்னாடி தூரத்துல விளக்குப் புள்ளிங்க, கேமரா பின்னாடி நகர இவங்க நம்மள நோக்கி நடந்து வந்துக்கிட்டே பேசுவாங்க. இருட்டுல இருந்து ஒருத்தன் வந்து கூட நடப்பான், கொஞ்ச தூரத்துல மறைவான், இன்னொருத்தன் வருவான், கதை மட்டும் அறுபடாம போகும். முதல் நடைல விடுதலை, வாய் விட்டு சிரிப்பு. ரெண்டாவது நடைல திரும்ப அதே ரோட்டுக்கே வந்துட்டாங்க, அதே நடைதான், ஆனா கால் கனக்குது. ஒரே ரோடு, ஒரே பொம்பள, எடை மட்டும் மாறியிருக்கு.

பஸோலினி அப்புறமா இவங்கள போட்டது பத்தி தனக்குத் திருப்தி இல்லன்னு சொன்னார். அவருக்கு வேணும்னது தொழில்முறை நடிகர் இல்லாத, அடித்தட்டுல இருந்து வந்த முகம். பையனா நடிச்ச எத்தோரே கரோஃபோலோ அப்படித்தான், ஹோட்டல்ல சர்வரா இருந்தவனப் புடிச்சுட்டு வந்தார். மஞ்ஞானி அந்த ரகம் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சுது. பாருங்க, சேரி ஜனங்களோட நெருங்கிப் பழகுன ஆளு, இந்தம்மா நடிக்கிறாங்க, அந்த வாழ்க்கை அவங்களோடது இல்லன்னு குறை சொல்றார். ஊரு உலகம் இந்தம்மா நடிக்கவே இல்லன்னு பாராட்டுது. எனக்கு பஸோலினி சொன்ன குறைதான் அவங்களுக்கு மரியாதையா தெரியுது.

பலெர்மோ_வாசி

கடைசிக் காலத்தைப் பற்றியும் ரெண்டு சொல்லு. 1972-ல ஃபெல்லினி ரோமைப் பற்றி எடுத்த படத்தில, இரவில அவ வீட்டுக்கு நடந்து வாறா, கதவடியில வைச்சு ஃபெல்லினி, நீங்கள்தான் இந்த ரோமின்ர அடையாளம் எண்டு அடுக்கிக்கொண்டு போறார். அவ திரும்பி, போய்ப் படு ஃபெதெரி, எண்டுறா. ஒண்டு கேக்கலாமோ எண்டு அவர் கேக்க, "நுன் மெ ஃபிதோ", உன்னை நம்பமாட்டன், சாவோ, புவொனநோத்தே, எண்டு கதவைச் சாத்திறா. அவ்வளவும்தான், சினிமாவில அவ கடைசியா வந்தது அந்தக் கதவடிதான். அந்த ஃபெல்லினிதான் முந்தி மிராக்கிள் படத்தில தலைமயிரைப் பொன்னிறமாக்கிக்கொண்டு சூசையப்பரா வந்தவர்.

இரவில தெருப் பூனையளுக்குச் சாப்பாடு குடுக்கிறவ எண்டு டென்னஸி வில்லியம்ஸ் எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக் கடையில மிஞ்சினதை எல்லாம் கட்டிக்கொண்டு போய்ப் பழைய இடிபாடுகளுக்குள்ள வைப்பாவாம்.

1973 செப்டம்பர் 26 செத்தவ, கணையத்தில கான்சர், வயசு 65. அண்டு இரவு தற்செயலா அவவும் மஸ்த்ரோயான்னியும் நடிச்ச படம் ஒண்டு டிவியில போனது. கடைசி நாளில ரோஸெல்லினி பக்கத்தில இருந்தவர், தன்ர குடும்பக் கல்லறையிலதான் முதல்ல அடக்கம் செய்தவர், பிறகு சான் ஃபெலிச்சே சிர்ச்சேயோவுக்குக் கொண்டு போனவை. செத்த வீட்டில சனம் அழுதுகொண்டே கைதட்டினதாம். நான் பாத்த அந்த அம்மாவும் அதுக்குப் போனவ. கை சிவக்கும் வரை தட்டினனாங்கள் எண்டு கையை விரிச்சுக் காட்டுவா.

கரிகாலன்77

நேத்து ராத்திரி சத்தத்த அணைச்சுட்டு அந்தக் காட்சியப் பாத்தேன். ரெண்டு தடவ. ப்ரோ நீங்க சொன்னது ஓரளவுக்கு சரிதான். அந்தச் சிப்பாய் கைய தட்டி விடுறது இருக்கே, சத்தத்தோட பாத்தப்ப என் கண்ணுல படவே இல்ல. ஓடுறதுக்கு முன்னாடி அது இருந்தாத்தான் அந்த ஓட்டம் நிக்குது. விழுந்ததும் ஸ்டாக்கிங் தெரியுது, பாவாடை ஏறிக் கெடக்கு, சரி பண்ணிக்க உயிர் இல்ல. கழுத்துல ஏதோ அடைச்ச மாதிரி ஆயிடுச்சு, ரெண்டாவது தடவை கடைசி வரை பாக்கல.

தேன்மொழி

மல்லி, அண்ணன் நல்லா இருக்கான், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல எல்லாரும் சேந்து பெல்லிஸ்ஸிமா பாத்தோம், அம்மாவும் உக்காந்தாங்க. அம்மாவுக்கு சப்டைட்டில் படிக்க வராது, நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்த பெஞ்சு வந்துச்சு. நான் சொல்றதுக்கு வாயத் தொறந்தேன், அம்மா என் கைய அமுக்கிட்டாங்க.

"சும்மா இருடி, தெரியுது. புள்ள தூங்குனதுக்கு அப்புறந்தான் அழுவுறா."